விம்கோ நகருக்கு அப்பால்

சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினால் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தாண்டி விம்கோ நகர் வரும். அது ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். சுவீடன் முதலீட்டில் வந்த வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் விம்கோ. ஆலையைச் சுற்றிக் குடியேறியவர்கள் தங்கள் இருப்பிடத்துக்கும் அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் அதுவரை நீண்டபோது மெட்ரோ நிலையத்துக்கும் அந்தப் பெயரே வந்தது.

அதற்கப்பால் கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, கடைசியில் கும்மிடிப்பூண்டி. மொத்தம் 48 கிலோமீட்டர் போல வரும். விம்கோ நகருக்குப் பிறகு ஆலைப் பெயர் தாங்கிய நிலையம் ஒன்றுகூட இல்லை. ஆலைகளுக்கு அங்கே குறைவா? அனல்மின் நிலையங்கள், இரண்டு துறைமுகங்கள், இரும்பு உருக்கும் உலைகள், கம்பி இழுக்கும் ரோலிங் மில்கள், தேர்வாய்க்கண்டிகைப் பக்கம் டயர் தொழிற்சாலை. வேலை இருக்கிறது, புகை இருக்கிறது, லாரி இருக்கிறது. ஊர் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

ஊர் என்று நான் சொல்வது மூன்றை. உழைக்கிறவர் குடும்பத்தோடு தங்கும் தெரு. அவர்களுக்கென்று எழுந்த பொது அமைப்பு: சங்கம், நூலகம், திடல், மன்றம். வேலை முடிந்த பொழுதில் அவர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட பாட்டும் விளையாட்டும் பேச்சும். தொழிற்பேட்டையின் வேலை சம்பளம் கொடுப்பதோடு முடிந்தது, மற்றதைக் கேட்பது பேராசை என்பவர்கள் உண்டு. அந்த வாதத்தைச் சோதிக்க உலகில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. மதராஸில் பின்னி, அர்பத்நாட் போன்ற வணிக நிறுவனங்களை வளர்த்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். கிளாஸ்கோவின் ஸ்பிரிங்பர்ன் பகுதியில் செய்த ரயில் என்ஜின்கள் இந்தியாவிலும் ஓடின. ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத ஊர் என்று தள்ளிவிட முடியாது.

முதலில் கிளாஸ்கோவின் அழுக்கைச் சொல்லிவிடுகிறேன். அது புகையிலையும் சர்க்கரையும் விற்றுச் செழித்த நகரம். அந்தப் புகையிலையும் கரும்பும் அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை. வர்ஜீனியா தெரு, ஜமைக்கா தெரு என்று அங்கே இன்றும் இருக்கும் பெயர்களே சாட்சி. கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் பட்டறைகளில் வேலை செய்தவர்கள் அடுக்குமாடிகளில் ஒற்றை அறையில் குடும்பமாக நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கர்களை உள்ளூர்ப் புராட்டஸ்டண்டுகள் வெறுத்தார்கள். அந்தப் பிளவு கால்பந்து மைதானம்வரை இன்னும் தொடர்கிறது. பிறர் பின்பற்ற வேண்டிய தூய்மை அந்த ஊருக்கு இல்லை.

ஆனால் அங்கே நடந்ததைப் பாருங்கள். 1887இல் வால்ஃப்ரிட் என்ற துறவுச் சகோதரர், கிழக்குப் பகுதியின் ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டுவதற்காக ஒரு கால்பந்துக் குழுவைத் தொடங்கினார். அதுதான் செல்டிக். நகரசபை 1898இல் கிளாஸ்கோ கிரீன் பூங்காவில் மக்கள் மாளிகை என்றே பெயரிட்டு அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. கோவன் பகுதியில் ஃபேர்ஃபீல்டு கப்பல் பட்டறைக்கு எதிரே, பட்டறை முதலாளியின் மனைவி இசபெல்லா எல்டர், கணவர் இறந்தபின் 1885இல் ஒரு பூங்காவை அமைத்துக் கொடுத்தார். 1903இல் அதே பூங்காவில் நூலகமும் வந்தது. ஷிப்ட் முடிந்து பட்டறை வாசலைத் தாண்டினால் எதிரே நூலகம்.

இதையெல்லாம் மேலிருந்து இறங்கிய கொடை என்று எண்ணிவிடக் கூடாது. 1915இல் போர்க்காலத் தேவையைப் பயன்படுத்தி வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினார்கள். கோவன் பெண்கள் மேரி பார்பர் தலைமையில் வாடகை தர மறுத்தார்கள். வீட்டைக் காலி செய்ய வந்த ஆட்களைத் தெருவே திரண்டு விரட்டியது. சுமார் இருபதாயிரம் குடும்பங்கள் சேர்ந்தபின், அந்த ஆண்டு முடிவதற்குள் லண்டன் நாடாளுமன்றம் வாடகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. 1920இல் மேரி பார்பர் நகரசபை உறுப்பினரானார். இந்த வெற்றிக்குப் பின்னால் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் ஆண்டுக்கணக்காக அறிந்த அண்டை வீட்டுக்காரர்கள். இரண்டு, அவர்கள் வாழ்ந்த ஊரிலேயே அவர்கள் குடும்பங்களின் வாக்கும் இருந்தது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டிக்கு வரும்போது தேவைப்படும்.

கிளாஸ்கோவிடம் நாம் கற்க வேண்டிய இன்னொரு பாடம் அதன் தோல்வி. 1950களில் நகரசபை பழைய நெருக்கடிக் குடியிருப்புகளை இடித்து, ஈஸ்டர்ஹவுஸ், டிரம்சாப்பல், காசில்மில்க் என்று நகர விளிம்புகளில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டியது. குளியலறையும் வெளிச்சமும் உள்ள வீடுகள். கடைத்தெரு, திரையரங்கு, கூடிப் பேச இடம் ஆகியவற்றைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஈஸ்டர்ஹவுஸ் என்றாலே இளைஞர் கும்பல்களின் கத்திச் சண்டை என்று ஆனது. நூலகமும் நீச்சல் குளமும் நாடக அரங்கும் ஒரே கூரையின்கீழ் அங்கே அமைந்தது 2006இல். கட்டியவர்கள் கெட்ட எண்ணத்தோடு கட்டவில்லை. வீட்டை எண்ணினார்கள், ஊரை எண்ண மறந்தார்கள். அந்த மறதியைச் சரிசெய்ய அரை நூற்றாண்டு பிடித்தது.

இனி நம் பக்கம் திரும்புவோம். கிளாஸ்கோவுக்கு ஈடு சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை என்பது பொய். வடசென்னை இருக்கிறது. பெரம்பூரில் 1876இல் தொடங்கிய பக்கிங்காம் மில்லும் பின்னர் வந்த கர்நாடிக் மில்லும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சுற்றிலும் குடியேற்றின. 1918 ஏப்ரலில் அங்கேதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். 1921 வேலைநிறுத்தம் புளியந்தோப்புக் கலவரமாகவும் சாதிப் பிளவாகவும் முடிந்தது. அந்தக் காயத்தையும் மறைக்கக் கூடாது. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். இந்த மண்ணில்தான் கானா வளர்ந்தது. குத்துச்சண்டைப் பரம்பரைகள் வளர்ந்தன. வியாசர்பாடியில் கால்பந்து வளர்ந்தது. தெருமுனைக் கேரம் பலகையில் சுண்டிப் பழகிய நகரத்திலிருந்துதான் உலக வாகையர் மரிய இருதயம் வந்தார். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். ‘மெட்ராஸ்’, ‘வடசென்னை’, ‘சார்பட்டா பரம்பரை’ என்று படங்கள் வந்து நின்றதற்குக் காரணம், எடுத்துச் சொல்ல அங்கே ஏற்கெனவே ஒரு வாழ்க்கை இருந்ததுதான்.

திருவள்ளூர் மாவட்டப் பக்கமும் முற்றிலும் வெறுமை இல்லை. 1997இல் மாவட்டம் பிரிந்தபோது அம்பத்தூர், ஆவடி, திருவொற்றியூர் எல்லாம் அதில்தான் இருந்தன. அம்பத்தூர்ச் சாலையில் பஸ்ஸில் போகிறவர் இன்றும் ‘டன்லப்’ என்றும் ‘டி.ஐ. சைக்கிள்’ என்றும் சொல்லி டிக்கெட் வாங்குகிறார். டன்லப் ஆலை மூடிவிட்டது, நிறுத்தம் மூடவில்லை. பாடியில் பிரிட்டானியா, லூகாஸ். எண்ணூரில் 1948இல் தொடங்கிய லேலண்ட், திருவொற்றியூரில் 1955இல் வந்த என்பீல்டு. இந்த ஆலைகளில் வேலை கிடைப்பது ஒரு குடும்பத்தின் நல்ல காலம் தொடங்கியதற்கு அடையாளம். வேலை நிரந்தரம், ஆகவே கல்யாணம், ஆகவே அரை கிரவுண்டு மனை, ஆகவே பிள்ளைக்குப் பக்கத்திலேயே பள்ளி. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தபோது குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, மைதானம் எல்லாம் அதோடு சேர்ந்தே வந்தன. மேலதிகாரிக்குப் பெரிய வீடு, தொழிலாளிக்குச் சின்ன வீடு என்ற ஏற்றத்தாழ்வு உண்டு. ஆனாலும் ஆவடியில் வளர்ந்தவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் ஆவடி என்கிறார்.

கும்மிடிப்பூண்டியின் கதை வேறு அச்சில் வார்க்கப்பட்டது. 1971இல், பின்னர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அமைத்த அரசு நிறுவனமான சிப்காட் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் கிளாஸ்கோவின் அப்பர் கிளைடு கப்பல் பட்டறைகளை மூட அரசு முடிவு செய்தது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தவில்லை. ஜிம்மி ரீட் முதலியோர் தலைமையில் பட்டறைக்குள்ளேயே இருந்து வேலையைத் தொடர்ந்து செய்து அரசைப் பணியவைத்தார்கள். சிப்காட்டின் கணக்கில் தொழில் என்பது மனை, சாலை, மின்சாரம், தண்ணீர். பின்தங்கிய பகுதிகளுக்கு ஆலைகளை இழுத்துவர அது உதவியது, அதில் சந்தேகமில்லை. சென்னையில் இடம் கிடைக்காத நடுத்தரத் தொழில்களுக்கு அது கை கொடுத்தது. பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமப் பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்ததும் வேலைக்குப் போக ஒரு வாசல் திறந்தது. இவை உண்மையான பயன்கள். ஆனால் அந்த மனை வரைபடத்தில் தொழிலாளி எங்கே தூங்குவார் என்பதற்குக் கோடு இல்லை. பேட்டைக்குள் சாலையும் தண்ணீரும் சிப்காட் பொறுப்பு, வேலியைத் தாண்டினால் ஊராட்சி. இரண்டு நிர்வாகங்களுக்கும் நடுவில் விழுந்தவர் தொழிலாளி.

அவர் யார்? மூன்று வகை. சென்னையிலிருந்து ரயிலிலும் கம்பெனி பஸ்ஸிலும் வந்து, ஷிப்ட் முடிந்ததும் அதே வழியில் திரும்புகிறவர். சுற்றுக் கிராமத்திலிருந்து டூவீலரில் வருகிறவர். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பக்கமிருந்து கான்ட்ராக்டர் மூலம் வந்து, லைன் வீட்டு அறையில் பலரோடு பங்கு போட்டுப் படுத்து எழுகிறவர். உலைக்கு எதிரே நிற்கும் வேலை பெரும்பாலும் இந்த மூன்றாமவருக்குத்தான். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970இலேயே வந்தது. அதன் பெயரில் ஒழிப்பு என்ற சொல்லும் இருந்தது. பேட்டையின் வாசலில் காலை ஷிப்டுக்கு இறங்கும் கூட்டத்தில் எத்தனை பேர் கம்பெனி ரோல், எத்தனை பேர் கான்ட்ராக்ட் என்று கேட்டாலே சட்டம் எங்கே நிற்கிறது என்று புரியும். எந்த மாதம் எந்த கம்பெனி என்று தெரியாதவர் தெருவில் நட்பு பிடிக்க முடியாது. சங்கத்தில் சேர அஞ்சுவார். அவருடைய வாக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. எந்த ஊராட்சித் தலைவரும் அவர் வாசலில் வந்து நிற்கத் தேவையில்லை. மேரி பார்பருக்கு இருந்த அண்டை வீடும் இல்லை, வாக்கும் இல்லை.

2020 மே மாதத்தில் இது வெயிலில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஊரடங்கில் வேலை நின்றதும், சென்னையிலிருந்தும் புறநகரிலிருந்தும் கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்து, எளாவூர்ச் சோதனைச்சாவடிப் பக்கமாக வடக்கு நோக்கி நடந்தார்கள். கிளைடு தொழிலாளர்களால் 1971இல் பட்டறையை விட்டுப் போகாமல் இருக்க முடிந்தது, ஏனென்றால் பட்டறை நிற்கும் ஊர் அவர்களுடையது. இங்கே நடந்தவர்களுக்கு விட்டுப் போவதற்கு ஒரு வாடகை அறை மட்டுமே இருந்தது.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானவை மூன்று. முதலாவது, காலம். கிளாஸ்கோவுக்கு நூறு வருடம் ஆனது, கும்மிடிப்பூண்டிக்கு அவகாசம் கொடுங்கள் என்பது. ஆனால் ஆவடிக்கு நூறு வருடம் தேவைப்படவில்லை. விம்கோ நகருக்கும் தேவைப்படவில்லை. நிரந்தர வேலையும் குடும்பமும் இருந்த இடத்தில் ஒரு தலைமுறைக்குள் ஊர் முளைத்தது. அவை இல்லாத இடத்தில் காலம் நீண்டால் தற்காலிகம்தான் நீளும்.

இரண்டாவது, இங்கே பண்பாடே இல்லை என்பது வெளியூர்க்காரனின் குருட்டுத்தனம் என்பது. இதில் பாதி நியாயம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அருகிலுள்ள சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். ஆறு செவ்வாய் வந்தால் சொந்த வீடு அமையும் என்ற நம்பிக்கையோடு சென்னையிலிருந்தெல்லாம் திரள்கிறார்கள். அருணகிரிநாதர் பாடிய தலம், நம் காலத்தில் வீடில்லாதவர்களின் தலமாகியிருக்கிறது. வாடகை முன்பணம் சேர்க்கவே திணறுகிறவர்களின் நூற்றாண்டு இது. அந்த வரிசையைவிட உண்மையான மக்கள் பண்பாடு எது? ஆனால் அதையே இன்னொரு பக்கமிருந்து படித்தால், கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காத ஒன்றை மக்கள் முருகனிடம் கேட்கிறார்கள் என்றுதான் அர்த்தமாகிறது. கோயில் பேட்டைக்கு முன்பே இருந்தது. பேட்டை உண்டாக்கியது என்று காட்ட எனக்கு ஒரு திடல், ஒரு பாட்டு, ஒரு மன்றம் வேண்டும்.

அப்படி ஒன்று கும்மிடிப்பூண்டியில் உண்டு, ஆனால் அது ஆலைகளால் வந்ததில்லை. 1990இல் ஈழத்துப் போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக அமைந்த அகதி முகாம். 2021இல் அரசு அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களை வெளியே நிறுத்தியது. வாக்கு இல்லை, நிலம் இல்லை, வெளியில் இரவு தங்கினால் பதில் சொல்லியாக வேண்டும். முகாம் ஆண்களில் பலர் பெயின்ட் வேலைக்குப் போய்ப் பிழைக்கிறார்கள். ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதே இடத்தில் இருக்க நேர்ந்ததால் அங்கே தெரு இருக்கிறது, கோயில் இருக்கிறது, பிள்ளைகள் படித்து மேலேறுகிறார்கள், யாழ்ப்பாணப் பேச்சும் மன்னார்ப் பேச்சும் திருவள்ளூர்ப் பேச்சோடு கலந்திருக்கின்றன. உரிமை எதுவும் இல்லாத மக்கள் வெறுமனே தங்கியதனாலேயே ஒரு ஊரை உண்டாக்கிக்கொண்டார்கள். சம்பளமும் சட்டமும் பக்கத்தில் இருக்கும் பேட்டையால் அது முடியவில்லை. தொழிலாளர்களுக்குப் பண்பாட்டு நாட்டமில்லை என்ற பேச்சை இந்த ஒரு முகாமே உடைத்துவிடுகிறது.

மூன்றாவது வாதம், அரசு விழித்துக்கொண்டது என்பது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர்களுக்கான விடுதியை சிப்காட் திறந்தது. தகரக் கொட்டகையிலும் அடைசல் அறைகளிலும் இருந்த பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அளவு படுக்கையில் சொல்லப்படுகிறது. குடும்பம் நடத்த முடியாத இடத்தில் தெரு பிறக்காது. ஈஸ்டர்ஹவுஸ் செய்த பிழையின் சிறு உருவம் இது. அங்கே வீட்டையாவது எண்ணினார்கள்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் காட்டுகிறவர்களும் உண்டு. 2013 கம்பெனிச் சட்டம் லாபத்தில் இரண்டு சதவீதத்தை ஒதுக்கவும், ஆலை இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் இசபெல்லா எல்டர் கொடுத்தது ஒரு நிரந்தரமான இடம், அது ஊரின் சொத்தாகி நூற்றாண்டு தாண்டியும் நிற்கிறது. ஆண்டுக்கு ஆண்டு திட்டம் மாறும் நிதி அந்த வேலையைச் செய்வதில்லை. பத்து ஆலைகள் தங்கள் இரண்டு சதவீதத்தை ஒன்றாகப் போட்டால் கும்மிடிப்பூண்டியில் இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் நூலகம் ஒன்றும் விளக்கு போட்ட திடல் ஒன்றும் எழும். தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஒடியாவிலும் புத்தகம் உள்ள நூலகம்.

பொழுதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாட்டும் ஆட்டமும் வேலைக்குப் பிந்திய மணிகளில்தான் வளர்கின்றன. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பவே மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. சிங்காரவேலரின் கூட்டத்துக்குச் சரியாக நூறு ஆண்டு. சட்டம் போனாலும், ஓ.டி. சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர்கள் பேட்டையில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உங்கள் பாட்டு எங்கே என்று கேட்பது அறமாகாது.

இன்னொரு கணக்கும் தீர்க்கப்பட வேண்டியிருக்கிறது. கிளாஸ்கோ 1859இல் கேட்ரின் ஏரியிலிருந்து தண்ணீரைத் தனக்குக் கொண்டுவந்தது. திருவள்ளூர் மாவட்டமோ பூண்டி, சோழவரம், புழல், 2020இல் திறந்த தேர்வாய்க்கண்டிகை என்று ஏரி ஏரியாகத் தண்ணீரைச் சென்னைக்குக் கொடுக்கிறது. காட்டுப்பள்ளியில் கடலைக் குடிநீராக்கியும் கொடுக்கிறது. மின்சாரம் கொடுக்கிறது, துறைமுகம் கொடுக்கிறது, சாம்பலை வாங்கிக்கொள்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் மீன் பிடித்தவர்களின் வலைக்கு என்ன ஆயிற்று என்பது தனியாக ஒரு கட்டுரை. இவ்வளவு கொடுத்த மாவட்டத்துக்குப் பதிலுக்கு ஒரு நகரத்தைக் கேட்க உரிமை உள்ளது.

ஆகவே என் தீர்ப்பு இது. தொழிற்கொள்கை என்ற அளவில் கும்மிடிப்பூண்டி பாதி வெற்றி: மூலதனம் வந்தது, வேலை வந்தது. நகராக்கம் என்ற அளவில் தோல்வி. காரணம் அங்கே உழைப்பவர்களிடமோ அந்த மண்ணிடமோ இல்லை. வேலையைத் தற்காலிகமாக்கிய ஒப்பந்த முறையும், வசிப்பை வரைபடத்திலிருந்து விலக்கிய திட்டமும் சேர்ந்து செய்த தோல்வி. விம்கோ நகருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில் மாறியது ஆலையின் வகை இல்லை, தொழிலாளியோடு ஆலை செய்துகொண்ட உடன்பாடு.

மப்பேட்டில் சரக்குப் பூங்காவுக்கு 2022இல் அடிக்கல் நாட்டியாயிற்று. பொன்னேரியைத் தொழில் முனையமாக்கும் திட்டமும் பல ஆண்டுகளாகக் கோப்பில் இருக்கிறது. இவற்றின் வரைபடங்களைக் கையில் வைத்திருப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். முதல் ஆலைக்கு மனை ஒதுக்கும் முன், குடும்பங்களுக்கான வாடகை வீட்டுத் தெருக்களுக்கும், பள்ளிக்கும், நூலகத்துக்கும், திடலுக்கும் நிலத்தைக் குறித்துவிடுங்கள். கும்மிடிப்பூண்டியிலும் இன்னும் நிலம் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம்.